மரவடை

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான் கையொப்பமிட்ட நாள் இன்றும் நினைவில் நிற்கிறது. தந்தையார் மறைந்தபின், மார்க்கம் வகுத்த முறைப்படி வாரிசுகள் அனைவர்க்கும் உரிய பங்கு பிரிந்தது, எவர்க்கும் குறையில்லை. பத்திரத்தின் இறுதியில், வழக்கம்போல், ‘மாவடை மரவடை உட்பட’ என்றொரு தொடர் இருந்தது. முற்றத்து வேம்பு அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போயிற்று. என் பங்கில் வந்த அம்மரத்தை, வீட்டை விரித்துக் கட்டுவதற்காக அடுத்த திங்களே மரவியாபாரியிடம் விற்றேன்.

அவ்வேம்பின் நிழலில்தான் என் முதற் கவிதைத் தொகுப்பு எழுதப்பெற்றது. உச்சிவெயிலில் அதன் இலைகள் எழுப்பிய ஓசை பல வரிகளுக்குச் சந்தம் தந்தது. எனினும், நூலின் முன்னுரையில் பேராசிரியர்க்கும் அச்சகத்தார்க்கும் மெய்ப்புத் திருத்தியவர்க்கும் நன்றி கூறிய நான், வேம்பை மறந்தேன்.

மரத்தை விற்ற சில நாட்களில், வகுப்பில் நற்றிணையின் 172-ஆம் பாடலை நடத்த நேர்ந்தது. விளையாட்டாய் மணலில் அழுத்திய விதை புன்னையாய் முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி அதனை வளர்க்கின்றனர். அம்மரம் உங்கள் உடன்பிறந்தாள் என அன்னை கூறியிருத்தலின், அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகிறோம் என்கிறாள் தோழி. பாடம் முடியும் வேளை, முன்னர் என் வீட்டு முற்றத்தில் அமர்ந்து யாப்பிலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர், “ஐயா, அந்த வேம்பு நலமாக இருக்கிறதா?” என்றார். நான் மறுமொழி கூறாது ஏட்டை மூடினேன்.

தென்னமெரிக்காவின் ஈக்குவடார் நாட்டுச் செய்தி ஒன்றைப் படித்தபோது அவ்வினா மீண்டும் என் எதிரே வந்து நின்றது. 2008-இல் அந்நாடு தன் அரசியலமைப்பிலேயே இயற்கைக்கு உரிமைகள் வழங்கியது. அங்குள்ள லாஸ் செட்ரோஸ் என்னும் மேகக் காட்டில் சுரங்கம் தோண்ட முனைந்தபோது, அது காட்டின் உரிமையை மீறுவதாகும் என்று 2021-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ராபர்ட் மேக்ஃபார்லேன் என்ற எழுத்தாளரும் காஸ்மோ ஷெல்ட்ரேக் என்ற இசைஞரும் தோழர் இருவருடன் அக்காட்டிற்குள் சென்று ஒரு பாடலை இயற்றினர். காட்டின் ஒலிகளும் அதில் கலந்தன. 2024-இல், அப்பாடலின் இணைப் படைப்பாளராகக் காட்டையும் ஏற்க வேண்டும் என்று அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் அளிக்கப்பெற்றது.

மரம் வழக்காடுமா, கைந்நாட்டு வைக்குமா என்று நகைப்பார் உளர். கிறிஸ்டோபர் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1972-இலேயே இதற்கு விடை கூறிவிட்டார். வணிக நிறுவனமும் வாய் திறந்து பேசுவதில்லை. அதன் பொருட்டு வேறொருவர் பேசுகிறார். மரத்திற்கும் அவ்வாறொரு காப்பாளர் அமையலாம் என்பது அவர் கருத்து. நமக்கு இது புதிதன்று. வக்ஃபுச் சொத்திற்கு முத்தவல்லி உரிமையாளர் அல்லர், காப்பாளரே. நம் மதுரைக் கிளை உயர்நீதிமன்றமும் 2022-இல் இயற்கை அன்னையைச் சட்ட ஆளுமை உடைய உயிராக அறிவித்தது.

மரத்திற்குப் பணம் எதற்கு என்பாரும் உளர். பணம் வேண்டா. படைப்பில் பங்குடையது என ஏற்றுக்கொண்ட ஒன்றை எவரையும் கேளாது வெட்டி விற்றல் இயலாது. அதுவே அவ்வுரிமையின் பயன்.

மதீனத்துப் பள்ளியில் நபி (ஸல்) அவர்கள் சாய்ந்து நின்று உரையாற்றிய பேரீச்ச மரத்தண்டு, புதிய மிம்பர் வந்தபோது பிரிவாற்றாது அழுத செய்தியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அண்ணலார் மிம்பரிலிருந்து இறங்கி வந்து அதனைத் தேற்றினார்கள். உரைக்குத் துணை நின்ற மரத்தின் முறையீடு அங்கே கேட்கப்பட்டது. அதனைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நான், என் வேம்பின்பால் செவி சாய்க்கவில்லை.

தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் வேம்பின் பெயரைச் சேர்க்க எண்ணியுள்ளேன். அதனால் மரம் மீளாது என்பதையும் அறிவேன். கிணற்றடியில் ஒரு நாவல் மரம் எஞ்சி நிற்கிறது. என் மக்களுக்கு நான் எழுதும் பத்திரத்தில் ‘மரவடை உட்பட’ என்பதனை அடுத்து, ‘கிணற்றடி நாவல் நீங்கலாக’ என்றும் எழுதுவேன். அன்று வினவிய மாணவர்க்கு நான் இன்று கூறக்கூடிய மறுமொழி இதுவே.