பழையதும் புதியதும் ஓரடுக்கில்

பழைய கருவியைக் கழித்துவிடுவதா, புதியதோடு இணைத்துப் பயன்கொள்வதா என்னும் வினா பொறியியல் நூல்களில் ஒருவாறு எழுகின்றது. கலவான போன்றதோர் ஊரில் வேறொருவாறு எழுகின்றது. சிங்கராச வனத்தின் அயலிலே, தேயிலையும் இறப்பரும் செழித்த இப்பகுதியின் தோட்டத்து மக்களுக்கு, 2022ஆம் ஆண்டு ஒரு பாடம் புகட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் முந்நூற்றைம்பதைத் தாண்டிற்று. கடல் கடந்து வரும் கருவி எதுவாயினும் அது எட்டாக்கனியாயிற்று.

அந்நாளிலே, கொழும்பில் வலையமைப்புத் தொழில் புரியும் இளைஞர் ஒருவர் தாம் படித்த தோட்டப் பாடசாலைக்கு இரண்டு ஆளிகளைக் கொண்டுவந்தார். லயத்திற் பிறந்து, கொழுந்து பறித்த தாயின் உழைப்பிற் படித்தவர் அவர். பாடநூல்கள் ஆளி என்று கூறுவதைத் தொழிலிடத்தில் எல்லோரும் சுவிட்ச் என்றே வழங்குவர். கணினிகள் பலவற்றை ஒன்றோடொன்று பேசவைத்து, ஒவ்வொரு செய்தியையும் உரிய துறைக்கு மட்டுமே அனுப்பும் பெட்டி அது. அவர் கொணர்ந்தவற்றுள் ஒன்று சிஸ்கோ நிறுவனம் 2010இல் வெளியிட்ட 2960-எஸ் வகை. ஓர் அலுவலகம் கழித்தது. மற்றையது அதே நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வகையாகிய 2960-எக்ஸ், சேமிப்பிலிருந்து வாங்கியது.

"இரண்டையும் ஒன்றாய்ப் பூட்டிவிடலாந்தானே, தம்பி?" என்றார் முதிய ஆசிரியர்.

"பூட்டலாம் சேர். ஆனால் பூட்டத்தான் வேண்டுமா என்று பார்க்க வேண்டும்."

ஆசிரியர் கேட்டதைத் தொழில்நுட்பத்தார் அடுக்கு என்பர். தனி வடங்களால் ஆளிகளை வளையமாகப் பிணைத்தால் அவை பல பெட்டிகளாயினும் ஒரே ஆளியாக இயங்கும். அவற்றுள் ஒன்று தலைமை ஏற்கும். ஏனையவை அதன் ஏவலின்படி நடக்கும். பெரட்டுக் களத்திலே கங்காணியின் சொற்படி ஆட்கள் மலைகளுக்குப் பிரிந்து செல்வதை இதனோடு ஒப்பிடலாம்; ஒரு வேறுபாடு உண்டு. கங்காணியைத் துரை நியமித்தார். ஆளிகளோ தம்முள்ளே தேர்வு நடத்துகின்றன. முன்னுரிமை எண் உயர்ந்தது எதுவோ அதுவே தலைமை. அவ்வெண்ணை நிருவாகி முற்கூட்டியே இடலாம். தலைமை ஒருகால் நிலைபெற்றபின், உயர்ந்த எண்ணோடு புதியது ஒன்று வந்து சேரினும் உடனே அரியணை மாறுவதில்லை. ஆனால், மின்னூட்டப்பட்டுத் தனித்தனியே இயங்கிக்கொண்டிருக்கும் இரண்டை அவசரப்பட்டுப் பிணைத்தால் மறுதேர்வு நிகழும்; தோற்ற தலைமை தன்னைத்தான் அணைத்து மீளத் தொடங்கும். அதனோடு பிணைந்திருந்த கணினிகள் யாவும் அச்சில நிமிடங்கள் ஊமையாகும். சேரவிருப்பதை முதலில் அணைத்துவைத்தே பிணைத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் முதற்பாடங்களுள் ஒன்று.

வயதில் வேறுபட்டவை கூடுமிடத்து ஒரு விலை கொடுக்கவேண்டியிருக்கும். பழையதன் அடுக்குத் துறை வினாடிக்கு 10 கிகாபிட் செலுத்துவது, புதியது 20. இரண்டும் கூடினால் 10க்கே புதியது இறங்கவேண்டும். அவ்வாறு இறங்குமாறு அதற்குக் கட்டளையிட்டு மீளத் தொடக்கவும் வேண்டும். தம்முள் மட்டும் சேர்ந்தால் எட்டு வரை அடுக்கக்கூடிய புதிய வகை, பழையதோடு சேர்கையில் நான்கோடு நின்றுவிடும். உள்ளிருக்கும் மென்பொருளும் இரண்டிலும் ஒரே பதிப்பினதாதல் வேண்டும். இவற்றையெல்லாம் செய்தபின்னும் தலைமையைப் புதியதன் கையிற் கொடுப்பதே நன்று. பழையது அறியாத வசதிகளை அதனால் ஆள முடியாது. இதற்கு முந்திய 3750 வரிசையிலும் இதே கதைதான்: 64 கிகாபிட் வளையம் கொண்ட 3750-ஈ வகை, பழைய 3750ஓடு கூடியபோது 32க்கு இறங்கிற்று.

இளைஞர் தயங்கியதற்கு வேகம் காரணமன்று. முப்பது கணினிகள் உள்ள பாடசாலைக்கு 10 கிகாபிட் கடலுக்கு ஒப்பு. அடுக்கு வடத்தின் நீளம் மூன்று மீற்றரைக் கடவாது. ஆளிகள் இரண்டும் ஓரிடத்திலேயே இருத்தல் வேண்டும். கணினி அறையோ ஒரு கட்டடம், அலுவலகமும் நூலகமும் மறு கட்டடம். எல்லாவற்றையும் ஓரிடத்தில் அடுக்கினால் மறு கட்டடத்திற்குச் செப்பு வடங்களை வெளியே இழுத்தாக வேண்டும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலைதோறும் இடி முழங்கும் சப்பிரகமுவ நாட்டில் இது வினையை விலைகொடுத்து வாங்குவதாகும். மின்னல் நேரே விழவேண்டியதில்லை. அயலில் விழுந்தாலே நீண்ட செப்புக் கம்பியில் எழும் மின்னழுத்தம் ஆளியின் துறைகளைக் கருக்கிவிடும்.

ஆகவே அடுக்கைக் கைவிட்டு, கட்டடத்துக்கு ஒன்றாக ஆளிகளைப் பிரித்து, இடையே ஒளியிழை வடம் ஒன்றை இட அவர் எண்ணினார். கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. அடுக்கு என்பது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வகுத்த இரகசிய மொழி. ஈதர்நெட்டோ பொது மொழி. 1973இல் அமெரிக்காவில் றொபேட் மெட்கால்ஃப் முதலானோர் கருக்கொண்டு, 1983இல் பொதுத் தரமான அம்மொழியிலே பத்தாண்டு, இருபதாண்டு மூப்புள்ள பெட்டிகளும், வேறு வேறு நிறுவனத்துப் பெட்டிகளுங்கூட, இன்றும் தடையின்றி உரையாடுகின்றன. பழையதைப் புதியதோடு வாழவைக்க ஒரே உடலாக்க வேண்டியதில்லை. ஒரு பொது மொழி போதும். அடுக்குத் தொகுதிகளுக்கென ஒதுக்கிய பணம் ஒளியிழைக்கும், இடி தாங்கும் காப்புக்கருவிக்கும் போதியதாயிற்று.

ஆசிரியர் முகம் மலரவில்லை. தோட்டப் பாடசாலைகளை 1970களின் பிற்பகுதி தொட்டு அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய காலத்திலிருந்தே அவர் அறிவார். பிறர் கழித்த மேசையும், பிறர் படித்துக் கிழித்த நூலும் வந்து சேர்வதைக் கண்டவர் அவர். இரண்டையும் ஒன்றாக்கக் கேட்டதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. பிரித்துவைத்தால் கழித்த பெட்டி ஒருவர் பங்கில் விழும். அது யார் பங்கு என்பது அவர் முன்னரே அறிந்த விடை. அலுவலகத்துக் கோப்புகள் முக்கியமானவை என்று எவரேனும் சொல்வர்; எவரும் மறுக்கமாட்டார்.

"பழையது எங்கே போகும், தம்பி?"

"அலுவலகத்துக்கு, சேர். அங்கே நாலு கணினிதான். பிள்ளைகளின் அறையில்தான் வேலை கூட."

ஆசிரியர் எழுந்து, புதிய பெட்டியைத் தாமே இரு கைகளாலும் தூக்கிக் கணினி அறைப் பக்கம் நடந்தார். அதற்கான அலுமாரி இன்னும் சுவரில் பொருத்தப்பட்டிருக்கவில்லை.