லேப்டாப் செத்துப் போகலை... ட்ரிப் ஆகியிருக்கு!

டிஜிட்டல் டெஸ்க் என்றதும் ஏ.சி அறையும் சுழலும் நாற்காலியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். என் டெஸ்க், காரைக்கால் மாவட்டம் போலகத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் மரமேஜை. சென்னை அலுவலகத்துக்கு இங்கிருந்துதான் செய்தி போகிறது.

மே மாதம், தமிழகப் பிளஸ் டூ ரிசல்ட் அன்று லைவ் அப்டேட் போட்டுக்கொண்டிருந்தபோது லேப்டாப் திடீரென்று அணைந்தது. திரும்ப ஆன் செய்தேன். இருபது நிமிடத்தில் மறுபடியும் அணைந்தது. அந்த வாரம் முழுக்க இதே கதை. "அடிக்கடி இப்படி ஆனா கஷ்டம்மா, பேசாம சென்னைக்கே வந்துடு" என்றார் எடிட்டர். என் சம்பளம் 18,000 ரூபாய். சென்னையில் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. சர்வீஸ் கடையிலோ, "மதர்போர்டு போச்சு, 14,000 ஆகும்" என்றார்கள். செயினை அடகு வைத்துக்கொள்ளலாம் என்றார் அம்மா.

அப்போதுதான் சித்தப்பா வந்தார். வயல்களில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "அணையறப்போ சூடா இருக்கா பாப்பா?"

தொட்டால் தோசைக்கல். "அப்போ இது சாகலை, ட்ரிப் ஆகுது. ஸ்டார்டர்ல ரிலே இருக்குல்ல? லோடு கூடினா அது மோட்டாரை நிறுத்திடும். ட்ரிப் ஆச்சுன்னா மோட்டார் தப்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். ஏன் சூடாச்சுன்னுதான் பாக்கணும்" என்றார்.

லேப்டாப்பிலும் இதேதான். பல புராஸசர்களுக்கு உச்சவரம்பு சுமார் 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும்.

எது சூடு, எது வேறு கோளாறு?

வீடியோ எடிட்டிங், பிரவுசரில் இருபது டேப் என்று வேலை கூடும்போது மட்டும் அணைந்தால், பெரும்பாலும் சூடுதான் காரணம். சார்ஜரைப் பிடுங்கியதும் அணைந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆறியிருக்கும்போதும், ஆன் செய்த கையோடு அணைந்தால், சார்ஜர், போர்டு என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முறைப்படி ஷட் டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்தேன். டேப்களைத் திறக்கத் திறக்க 97 டிகிரி வரை ஏறியது.

உள்ளே என்ன இருந்தது?

வாரன்ட்டி முடிந்த நான்கு வயது லேப்டாப். அதனால் சித்தப்பா துணிந்து திறந்தார். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் உள்ளே கை வைத்தார்.

சிப்பின் சூடு, அதன் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் வழியாகச் செம்புக் குழாய்க்குப் போகிறது. அந்தக் குழாய்க்குள் கொஞ்சம் திரவம் இருக்கும். இட்லிக் குண்டானில் ஆவி மேலே போய் மூடியில் பட்டு நீராகிற மாதிரி, அது ஆவியாகிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் மெல்லிய தகடுகளில் இறக்கிவைக்கும். அங்கிருந்து ஃபேன் அதை வெளியே ஊதித் தள்ளும்.

எங்கள் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரித் தூசி அடைந்து கிடந்தது. தை, மாசி அறுவடையில் பறக்கும் பதர் தூசி, வருஷம் முழுக்க ரோட்டுப் புழுதி, கடற்கரை ஊரின் ஈரக்காற்று எல்லாம் சேர்ந்த படலம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பேஸ்ட்டும் காய்ந்து பொரிந்திருந்தது.

ஃபேன் சுழலாதபடி பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தூசியை எடுத்தார். வாயால் ஊதவில்லை, எச்சில் ஈரம் படும் என்பதால். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதை ஒரு பச்சைப்பயறு அளவு வைத்தார். பேஸ்ட் விலை 250 ரூபாய். அதே வேலையைச் செய்தபோது இப்போது 78 டிகிரி.

பல லேப்டாப்களுக்கு, சுற்றியுள்ள காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் அதைத் தாண்டுவது எங்கள் ஊரில் செய்தியே இல்லை. அதனால் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திவைத்து, டேபிள் ஃபேன் காற்றுப் படும்படி வேலை செய்கிறேன். மெத்தை, தலையணை மேல் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் மூடிக்கொள்ளும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், நேராகச் சர்வீஸ் சென்டர் போங்கள். 2019-ல் பேட்டரி தீப்பிடிக்கும் அபாயத்தால் ஆப்பிள் திரும்பப் பெற்ற மேக்புக் புரோ மாடலை, விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே சொன்னது.

மற்றபடி, "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: "தூசி தட்டி, பேஸ்ட் மாத்திப் பாத்தீங்களாண்ணே?"