மடித்து வைத்த சான்றிதழ்

சென்ற தவக்காலத்தில் நம் மாவட்டத்துத் தாப்பாத்தி இலங்கைத் தமிழர் முகாமுக்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரு சகோதரி, மடித்து வைத்திருந்த ஞானஸ்நானச் சான்றிதழை நம்மிடம் நீட்டி, “ஐயா, இது காணுமா?” என வினவினார். பிறந்த இடம் மண்டபம், ஆண்டு 1985.

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது சட்டம். மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்டதும் இதன்படியே. அவர் தம்பியோ 1988-இல் பிறந்தவர்! பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராய் இருந்தாலன்றி அவருக்கு அவ்வுரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இலங்கைக்கு இடமில்லை. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து பதிவுபெற்றோர்க்குத் தண்டனையில்லை என்ற 2025-ஆம் ஆண்டு ஆணை, அச்சத்தைத் தணித்ததேயன்றிக் குடியுரிமை தரவில்லை.

நம் பாட்டனாரும் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் பிழைத்தவரே.

சகோதரி ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குப் பதிவேட்டுப் பிரதி வேண்டி அன்றே கடிதம் எழுதினோம். தம்பி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.