கலங்கல் வழியே

மார்கழி விடியல். சேலையூர் ஏரியின்மேல் பனி இன்னும் கலையவில்லை. எழுபதைக் கடந்த முதியவர் ஒருவரும், மேல்நிலை இரண்டாமாண்டு பயிலும் அவருடைய பேத்தியும் கரையோரம் நின்றிருந்தனர். அன்று பகல் முழுவதும் நீர் போகும் வழியே நடந்து, மாலைக்குள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைவது அவர்களின் எண்ணம்.

அவ்வெண்ணம் ஒரு படத்திலிருந்து பிறந்தது. குரோவாசியா நாட்டின் பிலிட்விசே தேசியப் பூங்காவைப் பற்றிப் பேத்தி படித்திருந்தாள். அங்கே பதினாறு ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. ஓர் ஏரியில் நிரம்பி வழியும் நீர் அருவியாகி அடுத்த ஏரியில் விழுகிறது. நீரில் கரைந்த சுண்ணாம்பு பாசியின்மேல் படிந்து இறுகி, அந்த அணைகளைத் தானே எழுப்பியிருக்கிறது. 1949 இல் தேசியப் பூங்காவான அவ்விடம் 1979 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. “அங்கே ஒருநாள் நடக்க வேண்டும், தாத்தா” என்றாள்.

“ஏரிக்குக் கீழே ஏரி, அவ்வளவுதானே? நம் ஊரிலேயே நடக்கலாம், கண்ணு. அருவிதான் முழங்கால் உயரத்துக்கு மேல் இராது.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. வற்றாத பேராறுகள் இல்லாத செங்கற்பட்டுச் சீமையில் வேளாண்மை ஏரிகளை நம்பியே வளர்ந்தது. தாம்பரத்துக்குக் கிழக்கே நிலம் கண்ணுக்குப் புலப்படாத அளவில் வடகிழக்காகச் சரிகிறது. அச்சரிவை முன்னோர் கண்டறிந்து, குறுக்கே மண்கரை எழுப்பினர். பயிருக்கு நீர்விட மதகு. மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலங்கல். மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என அந்தத் தொடர் சதுப்புநிலம் வரை நீள்கிறது. பிலிட்விசேயில் சுண்ணாம்பு செய்த வேலையை இங்கே மண்வெட்டியும் கூடையும் செய்தன.

இராசகீழ்ப்பாக்கம் ஏரியை வேகமாகக் கடந்தனர். செம்பாக்கத்தில் நடை தானாகவே தளர்ந்தது. ஏறத்தாழ நூறு ஏக்கர் பரப்புள்ள அவ்வேரி, கழிவுநீராலும் ஆகாயத்தாமரையாலும் நெடுங்காலம் மூச்சுத் திணறிக் கிடந்து, அண்மையில்தான் தூர்வாரிச் சீர்செய்யப்பட்டது. நாமக்கோழிகள் கூட்டமாக நீந்தின. கலங்கலில் நீர் மெல்லிய கண்ணாடித் தகடுபோல் வழிந்து, கீழே நுரைத்தது. பேத்தி காலணிகளைக் கழற்றிவிட்டு அதில் கால் நனைத்தாள்.

முதியவர் ஒரு பழைய வழக்கத்தைச் சொன்னார். முன்பு பல கலங்கல்களின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பர். மழை ஓயும் தறுவாயில் கல்லிடுக்கில் புல்லும் களிமண்ணும் அடைத்து, இன்னும் சற்று நீரைத் தேக்குவர். எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதில் மேலூருக்கும் கீழூருக்கும் பூசல் மூளும். சண்டை பொல்லாததுதான், ஆயினும் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற நினைவு அச்சண்டைக்குள் இருந்தது.

கலங்கலிலிருந்து புறப்பட்ட கால்வாய் சிறிது தொலைவு கால்வாயாகவே ஓடிற்று. பின்பு வீடுகளின் நடுவே ஒடுங்கி, ஒரே எட்டில் தாண்டக்கூடிய கான்கிரீட் வடிகாலாகி, மூடிய பலகைகளின் கீழே மறைந்தது.

“இங்கே இது எவ்வளவு அகலம் இருந்தது, தாத்தா?”

“மாட்டு வண்டியைத் திருப்பலாம்” என்றவர், மேலும் பேசாமல் முன்னே நடந்தார். அத்தெருவின் கோடியில்தான் அவர்களின் வீடு. ஏரிப்பாசனத்தில் நெல் விளைந்த தம் நிலத்தை அவர் மனைகளாக விற்று, ஒரு மனையைத் தமக்கென வைத்துக்கொண்டார்.

நன்மங்கலம் ஏரியில் உச்சி வெயில். அப்பாலுள்ள காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வாழ்வதாகக் கேட்ட பேத்திக்கு, அதைக் காணாமல் செல்ல மனமில்லை. பகலில் அது கண்ணுக்குப் படுமா என்ன? கீழ்க்கட்டளையிலும் நாராயணபுரத்திலும் ஊர்திகளின் இரைச்சலே நீரின் ஓசையினும் மிகுந்திருந்தது.

பள்ளிக்கரணையை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலுக்குச் செல்கிறது. 2022 இல் ராம்சர் பட்டியலில் 1,247 ஹெக்டேர் இடம்பெற்றது. முன்பிருந்த சதுப்பு இதனினும் பன்மடங்கு பெரிது. ஒருபுறம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபுறம் அடுக்ககங்கள். இடையே கோரைகளை விலக்கி நீலத் தாழைக்கோழி ஒன்று செந்நிறக் கால்களால் நிதானமாக நடந்தது.

“நம் வீட்டுக்கு வெள்ளம் வந்த ஆண்டு, அந்த நீரும் இங்கேதான் வர வேண்டியிருந்ததா?”

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எட்டு வயதுச் சிறுமியாக இருந்த அவளை அவர்தாம் தோளில் தூக்கி மாடிக்கு ஏற்றினார்.

“ஆமாம். வழி இல்லாததால் வீட்டுக்குள் வந்தது” என்றார். சற்று நேரங்கழித்துத் தொடர்ந்தார்: “மனை வாங்கியவர்கள் கால்வாயில் மண் கொட்டியபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்டிருக்கலாம். நம் சுற்றுச்சுவரும் அதே வரிசையில்தானே எழுந்தது? எந்த வாயால் கேட்பது?”

பேத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரோ கோரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்தில் வீடு திரும்பியபோது இருட்டிவிட்டது. முதியவர் கை கால் கழுவியதும் பெட்டியிலிருந்து பழைய பத்திரத்தையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். நாடாவின் ஒரு முனையை வீட்டுச் சுவரோடு பேத்தி பிடித்துக்கொண்டாள். மறுமுனையைச் சுற்றுச்சுவர் வரை அவர் இழுத்துச் சென்றார். கைவிளக்கின் ஒளியில் எண்ணைப் படித்துப் பத்திரத்தோடு ஒப்பிட்டார்.

“எவ்வளவு, தாத்தா?”

“நாலடி கூடுதல்.”

“அப்பா சம்மதிப்பாரா?”

அவர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

“முதலில் கொத்தனாரைக் கேட்போம், கண்ணு. இடிக்க எத்தனை நாளாகும் என்று.”