முழங்காலளவுத் தண்ணீர்

ஷார்ஜா ரோலாவில் எங்கள் வழக்கறிஞர் அலுவலகப் படியேறும் தமிழர்கள் பெரும்பாலும் சம்பள பாக்கி, செக் கேஸ் என்றுதான் வருவார்கள். காட்டாற்று வெள்ளத்துக்காக வந்தவர் அந்த ஒருவர்தான். கீழக்கரைப் பக்கத்துத் தம்பி, வேன் சேல்ஸ்மேன். மழை என்றதும் நண்பர்களோடு ஷவ்கா பள்ளத்தாக்குக்குப் போய், ஓடும் வெள்ளத்தில் ஃபோர் வீல் வண்டியை இறக்கியிருக்கிறார். அக்கரையில் போலீஸ் நின்றது.

"முழங்காலளவுதான் சார் தண்ணி. ஃப்ரெண்டு எடுத்த வீடியோ இருக்கு" என்று போனை நீட்டினார்.

"தம்பி, இதை யாருக்கும் அனுப்பிடாதீங்க" என்றேன்.

2023 மே மாதம் அமீரக உள்துறை அமைச்சகம் அறிவித்த திருத்தப்படி, வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்கில் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், 23 கறுப்புப் புள்ளி, 60 நாள் வண்டி முடக்கம். அபாயம் எவ்வளவாக இருந்தாலும் இதுதான். ஆகவே ஆழம் குறைவு என்று வாதாடுவது, இறங்கினேன் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். மழை நேரத்தில் கரையில் கூடி நின்றாலே 1,000 திர்ஹமும் 6 புள்ளியும் உண்டு. வீடியோவைக் காட்டினால் எடுத்தவரும் மாட்டுவார். அபராதத்தைவிடத் தம்பியை உறுத்தியது அந்த 23தான். 24 ஆனால் லைசென்ஸ் போகும். வேன் ஓட்டுகிறவருக்கு அது சோறு.

கடுமையான சட்டம்தான். ஆனால் ஷவ்கா இருக்கும் ஹஜர் மலை மொட்டைப் பாறை. மழை ஊறாமல் வழிந்தோடிவிடும். எங்கோ மேலே பெய்தது, கீழே வெயிலடிக்கும்போதே வந்து இறங்கும். 2022 ஜூலையில் வடக்கு, கிழக்கு எமிரேட்டுகளின் வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் ஒரு சிறுவனை அடித்துப் போனதும் இப்படித் திடீரென வந்த தண்ணீர்தான். எச்சரிக்கையின் அளவும் ஏமாற்றும். ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை 5 படிகளாகச் சொல்வார்கள்; சாவு அதிகம் 3-ஆம் படியில். 5 என்றால் எவரும் மலையேறுவதில்லை, 3 என்றால் சமாளிக்கலாம் என்று தோன்றிவிடுகிறது. நம்மவர் அன்று வானிலை மையத்தின் செயலியில் பார்த்தது மஞ்சள் எச்சரிக்கை. சிவப்பாக இருந்திருந்தால் போயிருக்கமாட்டேன் என்றார். நம்பினேன்.

ஆட்சேபிக்க வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எங்கள் எமிராத்தி வழக்கறிஞர் மனுப்போட்டார். தள்ளுபடியானது.

அபராதத்தோடு போகாத நிலையும் உண்டு. 2025 மார்ச் 29 முதல் நடப்பில் உள்ள புதிய போக்குவரத்துச் சட்டத்தில், வெள்ளப் பள்ளத்தாக்கில் வண்டி ஓட்டி ஓர் உயிர் போனால் குறைந்தது ஓராண்டுச் சிறை, 1,00,000 திர்ஹத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டில் ஒன்று. மழை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ரோலாவிலேயே பாருங்கள்.