பச்சைமலைச் சாரலில் ஆவாரை

ஆவாரம்பூவைக் காண ஒரு பிரயாணமா என்று நேயர்கள் நகைக்கலாம். சென்னைக்குத் தெற்கே சரளைக் கரடும் மேய்ச்சல் தரையுமாய்க் கிடந்த காலத்தில் அதற்கு அவசியமில்லைதான். சென்ற தை மாதத்தில் நாமோ தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் இறங்கி, பச்சைமலையடிவாரத்தில் வெகுநேரம் அலைந்தோம். கடைசியில், எல்லைக் கல் நட்டிருந்த ஒரு காலி மனையில் ஏழெட்டுச் செடிகளைக் கண்டோம். ஆளுயரம், கிளைதோறும் பொன்னை உருக்கி வார்த்தாற்போலப் பூங்கொத்து. வானம் பொய்த்தாலும் இச்செடி பொய்ப்பதில்லை.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் மடலேறும்போது சூடியதும் இதுவே. நாணம் துறந்தவனுக்கென்று இவ்வளவு அழகிய பூவை விதித்த புலவர்கள்மீது நமக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு.

ஆனால், செல்வம் பூவில் இல்லை, பட்டையில் இருந்தது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு துவர்ப்புச் சத்து. பட்டை ஊறிய சாற்றில் வாரக்கணக்கில் தோலைப் போட்டுப் பதனிட்டனர். அந்தத் தோல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிற்று; 1914-ஆம் வருஷத்து மகா யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று. நம் கரட்டுச் செடியின் பலத்தில் அன்னியர் நடந்தனர்!

இதற்கிடையே, 1903-ல் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர், குரோம் உப்பினால் பதனிடும் முறையைச் சென்னையில் சோதிக்கத் தொடங்கியிருந்தார். வாரக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது. பல்லாவரத்தையடுத்து எழுந்த குரோம் லெதர் கம்பெனியே குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் வந்திறங்கவே, ஆவாரையைக் கேட்பாரில்லை. அதை விரட்டிய உப்பு ஊர்ப்பெயராய் நிலைத்தது. நாகல்கேணிப் பக்கத்து நிலத்தடி நீரிலும் இறங்கிவிட்டதென்று பிற்கால ஆய்வாளர் கண்டனர்.

நாம் நின்றிருந்தபோது ஒரு மூதாட்டி வந்து மடி நிறையப் பூப் பறித்தாள். உலர்த்திக் கஷாயம் வைப்பாளாம். மருமகனுக்குச் சர்க்கரை வியாதி.

"அடுத்த வாரமும் வருவீர்களா, அம்மா?" என்றோம்.

"எங்கே சாமி! கல்லு நட்டுட்டாங்களே. வேற எங்கனாச்சும் இந்தச் செடியப் பார்த்தீங்களா?" என்று அவள் நம்மையே கேட்டாள்.