70 வளைவுகளும் ஒரு குட்டியானையும்: கொல்லிமலையில் இரண்டு நாள்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாய்க்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி வரும். கொல்லிமலையின் அடிவாரம் அது. அங்கிருந்து மேலே சோளக்காடு போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் திரும்ப வேண்டும். கடல் மட்டத்தில் இருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மலையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அருவியும் கோயிலும் நினைவில் நிற்கும். மலையிலேயே குடியிருந்து விவசாயம் செய்கிறவர்களுக்கு இந்தச் சாலைதான் எல்லாமே. விளைந்ததை விற்கவும், உரம் வாங்கவும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் இதே வளைவுகள்தான். அதனால் இங்கே ஒரு வண்டி நல்ல வண்டியா இல்லையா என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆயுத பூஜை விடுமுறையில் கோவை வேளாண்மைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் இந்த மலைக்குப் போயிருந்தோம். இரண்டு பேர் விவசாயம் பார்க்கிறோம். ஒருவர் வங்கியில் வேளாண் கடன் பிரிவில் இருக்கிறார். இன்னொருவர் வேளாண்மைத் துறை அலுவலர். ஐந்தாவது நண்பர் படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வேலையில் இருக்கிறார். பழைய கார்களைப் பரிசோதித்து மதிப்புப் போடும் புதிய நிறுவனம் ஒன்றில் வண்டி பார்க்கிறவர். மண்ணைப் பார்க்கப் படித்தவன் இப்போது கார் பார்க்கிறான் என்று வழியெல்லாம் அவரைக் கிண்டல் செய்துகொண்டே போனோம். திரும்பும்போது அந்தக் கிண்டல் இல்லை.

மலையில் வண்டி பொய் சொல்லாது

நாங்கள் போனது அந்த நண்பரின் 2013 மாடல் டீசல் எர்டிகாவில். பின்பக்க பம்பரில் பெரிய நசுங்கல். “அந்த நசுங்கலுக்காகவே விலை குறைஞ்சுது. எஞ்சின் தங்கம் மாதிரி. அப்படியே விட்டுட்டேன்” என்றார்.

காரவள்ளி தாண்டியதும் பாட்டை நிறுத்தச் சொன்னார். “கொஞ்ச நேரம் வண்டி பேசுறதக் கேளுங்கடா. ஊருக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுனா எந்த வண்டியும் நல்லாத்தான் இருக்கும். மேட்டுல ஏத்தினாத்தான் உண்மை தெரியும்.”

ஏறும்போது எஞ்சின் சத்தம் கூடுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. வெப்பமானி முள் நடுவில் நிற்காமல் மேலே போனால் ரேடியேட்டரிலோ தண்ணீர் பம்பிலோ கோளாறு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரத்தில் ‘டக் டக்’ என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் போய்விட்டது. இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டால் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தால் அந்த வண்டியை மலைக்குக் கொண்டுவரவே கூடாது. 70 வளைவில் இவை ஒவ்வொன்றையும் அவர் சொல்ல, நாங்கள் காதால் கேட்டுக்கொண்டே ஏறினோம்.

சாமையும் மரவள்ளியும்

மேலே செம்மேட்டில் குதிரை மேல் அமர்ந்த வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரி ஆண்ட மலை இது. ஆடி மாதம் அவர் பெயரில் அரசு விழா நடக்கும். அங்கிருந்து அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாயகங்கை அருவியைப் பார்த்தோம். மழை பெய்து ஓய்ந்த நேரம் என்பதால் சாரல் ஐம்பதடி தள்ளியே முகத்தில் அடித்தது. இறங்கிவிடலாம். ஏறுவதற்குத்தான் முழங்கால் வேண்டும்.

எங்களுக்கு அருவியைவிட வயல்கள்தான் பிடித்தன. சாமை கதிர் பிடித்து நின்றது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. அதன் நிழலில் காப்பிச் செடிகளில் காய் இன்னும் பச்சையாகவே இருந்தது. சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் இந்த மலையின் பழைய சாப்பாடு. மரவள்ளி வந்த பிறகு அவற்றின் பரப்பு குறைந்தது. சேலம், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கு வாங்கிக்கொள்வதால் கையில் பணம் வருகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே சிறுதானிய விதைகளைக் காக்கவும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவரவும் வேலை செய்திருக்கிறது.

அலுவலர் நண்பர் ஒரு விஷயம் சொன்னார். “சாமைய வருசக்கணக்கா குதிர்ல வெச்சுக்கலாம். தேவைப்பட்டப்போ இறக்கலாம். மரவள்ளி அப்படி இல்ல. பிடுங்கின சில நாள்லயே ஆலைக்குப் போயாகணும். இல்லேன்னா கிழங்கு கருத்துடும். பயிர் மாறினதும் வண்டி இல்லாம முடியாதுன்னு ஆயிடுச்சு.” வாழை, அன்னாசி, பலாவுக்கும் இதே கதைதான்.

வாசலில் நின்ற குட்டியானை

அன்று ராத்திரி அவருக்குத் தெரிந்த ஒரு விவசாயி வீட்டில் தங்கினோம். மூன்று ஏக்கரில் மிளகு, காப்பி, வாழை. சோளக்காடு சந்தைக்கு வாடகை வண்டி வைத்தே வாழைத்தாரில் பாதி லாபம் போகிறது என்றார். வாசலில் மாலை போட்டு, சந்தனம் பூசி ஒரு குட்டியானை நின்றது. கீழ்நாட்டுத் தரகர் ஒருவர் கொண்டுவந்து விட்ட எட்டு வருட வண்டி. விலை 2,40,000 ரூபாய். 10,000 முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு வீட்டு நகைகளை அடகு வைத்துப் பணம் தயாராக இருந்தது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், முடித்துவிடலாம் என்று பேச்சு.

“தம்பி வண்டி பாக்கற வேலைன்னு சொன்னாங்க. நீங்களும் ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க. பெயின்டெல்லாம் பளபளன்னு இருக்குதுங்க” என்றார் அவர்.

நண்பர் சீட்டைத் தூக்கி எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு இருந்தது. “இப்ப பாத்து பிரயோஜனம் இல்லீங்கண்ணா. காலைல நாங்க வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

மலைக் குளிரில் காலை ஆறரை மணிக்கு முதல் ஸ்டார்ட். நெடுநேரம் சுற்றிய பிறகுதான் எஞ்சின் பிடித்தது. பின்னால் நீலப் புகை. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. டயரில் தயாரித்த தேதி நான்கு எண்ணாக இருக்கும். 1421 என்றால் 2021-ம் வருடம் 14-வது வாரம். இந்த வண்டியில் நான்கு டயரும் நான்கு வருடம்.

“இதுவரைக்கும் பரவாயில்லண்ணா. செலவு பண்ணிச் சரி பண்ணிக்கலாம்” என்றவர், சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

“அண்ணா, மேல பழைய பெயின்ட். அடியில சேஸிஸுக்கு மட்டும் எதுக்குப் புதுசா கறுப்பு அடிச்சிருக்காங்க?”

விவசாயியும் குனிந்து பார்த்தார். நண்பர் டார்ச் அடித்து, சாவியால் ஓர் இடத்தைச் சுரண்டினார். பின் பட்டை பொருந்தும் இடத்துக்குப் பக்கத்தில், சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் வைத்த தடம் தெரிந்தது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி விரிசல் விட்ட சட்டத்தை ஒட்டவைத்து, மேலே கறுப்பு அடித்து மறைத்திருக்கிறார்கள். சமவெளியில் ஓட்டினாலே அபாயம். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு 70 வளைவு இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த வீட்டம்மா மட்டும், “அந்த வண்டியிலதான் பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு ஏத்திவிடலாம்னு இருந்தோம்” என்றார்.

வங்கி நண்பர் பதிவெண்ணைக் கைபேசியில் எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பார்த்தார். நிதி நிறுவனத்தின் கடன் இன்னும் அடைபடவில்லை. இன்சூரன்ஸும் முடிந்திருந்தது. தரகரைக் கூப்பிட்டுப் பேசியதில் முன்பணத்தில் 7,000 ரூபாய் திரும்பியது. போன 3,000-ஐப் பற்றி அவர் வருத்தப்படவில்லை.

பல் பார்க்கிற வேலை

கீழே இறங்கும்போது வண்டிக்குள் பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். மாட்டுச் சந்தையில் நம் பெரியவர்கள் செய்ததும் இதுதானே? பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார்கள். எட்டுப் பல்லும் சேர்ந்தால் ஐந்து வயது. சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகுதான் துண்டுக்குள் விரலைப் பிடிப்பார்கள்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-ல் இந்தப் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எல்லா வண்டிக்கும் பயந்து குறைத்தே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் இந்த விலைக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும். 2001-ல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

பால் ஊற்றுகிற நமக்கு இது புதிதில்லை. கொழுப்பு அளக்காமல் லிட்டர் கணக்கில் ஒரே விலை என்றால், தண்ணீர் கலந்தவருக்கே லாபம். சங்கத்தில் அளந்து பார்த்து விலை போட்டால்தான் நல்ல பாலுக்கு நல்ல விலை. நம் நாட்டில் மாருதியின் ட்ரூ வேல்யூ 2001-லும், கார்ஸ்24, ஸ்பின்னி போன்ற நிறுவனங்கள் 2015-லும் பழைய கார் வியாபாரத்தில் இறங்கின. வண்டியை அளந்து பார்த்து விலை போடுவதுதான் இவற்றின் அடிப்படை. ஆய்வாளர் வீட்டுக்கே வந்து, பெயின்டின் கனத்தைக் கருவியால் அளப்பார். கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். பட்டி பூசிய இடம் 300-ஐத் தாண்டிவிடும். வண்டியின் கணினியில் ஸ்கேனரை மாட்டிக் கோளாறுகளைப் படிப்பார். படங்களோடு பட்டியல் போனதும் விலை முடிவாகும்.

“ஆனா ஒண்ண மறந்துராதீங்க” என்றார் நண்பர். “எங்க கம்பெனி உங்க வண்டிய வாங்குறதுக்காக நான் வந்தா, நான் எழுதுற ஒவ்வொரு கீறலும் உங்க விலையக் குறைக்கும். ஆய்வு நல்லதுதான். அது யாரு காசுல நடக்குதுன்னு முதல்ல கேளுங்க.”

இன்னொன்றும் சொன்னார். நகரத்துக்காரர் பெயின்டுக்கும் சீட்டுக்கும் விலை கொடுக்கிறார். நமக்கு எஞ்சினும் சேஸிஸும் பிரேக்கும் போதும். வெளியே நசுங்கி உள்ளே நன்றாக இருக்கிற வண்டிதான் விவசாயிக்கு லாபம். அந்த மலை விவசாயி இரண்டு மாதம் கழித்து ராசிபுரம் பக்கம் பால் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டியானையை 1,90,000 ரூபாய்க்கு வாங்கினார். கதவு நசுங்கியது, நிறம் வெளுத்தது. நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய், அதற்கும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* எஞ்சின் ஆறியிருக்கும்போது, காலையில் நீங்களே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள்.
* சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் மூழ்கின.
* ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண், எஞ்சின் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள்.
* கடன் இருந்த வண்டி என்றால், நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணம் தர வேண்டாம்.
* படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றத்தை உடனே முடியுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.
* சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதன் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கணக்கில் சேருங்கள்.
* அதே மாடல் வண்டியை வேலை பார்க்கும் மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். தரகர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம்.

கொல்லிமலை போகிறவர்களுக்கு

நாமக்கல்லில் இருந்து பேருந்து உண்டு. சொந்த வண்டியில் போனால் வெளிச்சம் இருக்கும்போதே ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். வளைவில் ஹாரன் அடியுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது எந்தக் காரணத்துக்கும் நியூட்ரலில் விடாதீர்கள். கனமழைக் காலத்தில் அருவிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் படி இறங்குங்கள். திரும்பும்போது சோளக்காடு சந்தையில் மலைவாழையும் மிளகும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சரக்கு சந்தைக்கு வந்து சேரவும் ஒரு வண்டி மலைப்பாதையில் ஓடியிருக்கும்.